காலங்கள் தீட்டிய திருமுகம்

சேயாற்றங்கரையில் அமைந்த மாகறல், ஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற பழம்பதி. காஞ்சிப் பட்டின் தறியோசை நம் செவிக்குப் பழகிய ஓசை. ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின்னர் மாணவர் ஒருவருடன் நெசவாளர் தெரு வழியே நடந்துகொண்டிருந்தோம். திறந்திருந்த ஒரு வீட்டில், தறிக்கு மேலே சுவரில் ஒரு நாட்காட்டிப் படம் தொங்கியது. தோளில் புரளும் பழுப்புக் கூந்தல், வெளுத்த மேனி, மேல்நோக்கிய மெல்லிய பார்வை. மாணவர் ஒரு கணம் நின்று பார்த்தார்.

"ஹஜ்ரத், ஈஸா நபி இப்படித்தான் இருந்தார்களா?"

"நபிமார்களுக்கு உருவம் தீட்டுவது நம் வழக்கமன்று. அது யாரோ ஓர் ஓவியரின் கற்பனை" என்றோம்.

"அப்படியானால் அவர்கள் எப்படிப்பட்டவர்கள்?"

"அவர்கள் இறைவனும் அல்லர், இறைவனின் மகனும் அல்லர், மூவரில் ஒருவரும் அல்லர்" என்று உடனே விடை பகர்ந்தோம். மாணவர் சற்றுத் தூரம் பேசாமல் வந்தார். பின்னர் மிகுந்த பணிவுடன், "அவர்கள் யாரல்லர் என்று சொல்லிவிட்டீர்கள் ஹஜ்ரத், அவர்கள் யார் என்றுதான் கேட்டேன்" என்றார்.

பல்லாண்டுகளாகப் பாடம் சொல்லி வரும் நமக்கு அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை. திருமறையில் 25 இடங்களில் பெயர் சொல்லப்பட்ட ஒரு பெருமானார்; அவர்களின் அன்னையார் பெயரால் ஓர் அத்தியாயமே அமைந்திருக்கிறது. அவர்களைப் பற்றி மூன்று மறுப்புகளைத் தவிர நம் நாவில் வேறொன்றும் உடனே எழவில்லை. அந்த வெட்கமே நம்மை ஏடுகளைப் புரட்டச் செய்தது. உலகமும் நம் தமிழகமும் காலந்தோறும் அவர்களை எவ்வாறு கண்டன என்பதை ஒருவாறு தொகுத்துப் பார்த்தோம். அதன் சாரமே இக்கட்டுரை.

முகம் சொல்லாத ஏடுகள்

முதலில் வியப்பளிக்கும் செய்தி ஒன்று. கிறித்தவர்களின் நான்கு நற்செய்தி நூல்களிலும் இயேசுவின் முகம் எப்படியிருந்தது என்று ஒரு சொல்லும் இல்லை. உயரம், நிறம், கூந்தல் எதுவும் சொல்லப்படவில்லை. நம் ஹதீஸ் நூல்களிலோ அவர்களின் தோற்றம் பேசப்படுகிறது. ஆயினும் அங்கும் ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. புகாரியில் வரும் ஓர் அறிவிப்பு, அவர்களை நடுத்தர உயரமும் செந்நிறமும் உடையவர்களாக, நீராடி அப்போதுதான் வெளிவந்தவர் போன்றவர்களாகக் காட்டுகிறது. அதே நூலில் இப்னு உமர் (ரலி) அவர்களோ, பெருமானார் (ஸல்) 'செந்நிறம்' என்று கூறவில்லை என ஆணையிட்டு மறுத்து, மாநிறத்தவராகவும் படிந்த கூந்தலினராகவும் கனவில் கண்டதையே கூறினார்கள் என்கிறார்கள். இவ்விரண்டையும் இணைத்து விளக்க இப்னு ஹஜர் முதலிய உரையாசிரியர்கள் முயன்றிருக்கின்றனர். ஒரு நிறத்தைப் பற்றிய சொல்லைக்கூட நம் முன்னோர் எத்துணைக் கவனத்துடன் காத்தனர் என்பது இதனால் விளங்கும்.

ஏடு சொல்லாததைத் தூரிகை சொல்லத் தொடங்கியது. சிரியாவில் யூப்ரடீஸ் நதிக்கரையில் துரா யூரோப்பஸ் என்னும் பாழ்நகரில், மூன்றாம் நூற்றாண்டுச் சுவரோவியம் ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. நடக்கவியலாதவரை எழுந்து நடக்கச் செய்யும் காட்சி அது. நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய இயேசு ஓவியங்களுள் ஒன்றான அதில் அவர் தாடியற்ற இளைஞர். உரோமாபுரியின் நிலவறைக் கல்லறைகளில் தோளில் ஆட்டைச் சுமந்து நிற்கும் இடையனும் தாடியற்றவனே. ஒடுக்கப்பட்ட சிறு கூட்டத்துக்கு அன்று தேவைப்பட்டவர் காக்கும் மேய்ப்பர். நான்காம் நூற்றாண்டில் உரோமப் பேரரசே அம்மதத்தைத் தழுவிய பின்னர், அவர் அரியணையில் அமர்ந்தார், தாடி வளர்ந்தது, பார்வையில் அதிகாரம் ஏறியது. சினாய் மலை மடத்தில் இன்றும் காக்கப்படும் ஆறாம் நூற்றாண்டுத் திருவுருவம் அத்தகையதே. பத்தாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் கொலோன் நகரில் செதுக்கப்பட்ட மரச்சிலையிலோ அரசர் மறைந்து, தலை சாய்ந்த துன்பமே உருவாகிவிட்டது. கொள்ளைநோயும் போரும் மலிந்த பிற்கால ஐரோப்பாவில் அத்துன்பம் மேன்மேலும் கொடூரமாகத் தீட்டப்பட்டது.

நம் தெருவில் கண்ட நாட்காட்டி முகத்தின் மூலம் இவற்றில் எதுவுமன்று. 1940-இல் அமெரிக்க ஓவியர் வார்னர் சால்மன் தீட்டிய ஒரு முகம் கோடிக்கணக்கான படிகளாக அச்சாகி உலகெங்கும் பரவிற்று. அதன் சாயலே நம் ஊர் அச்சுப் படங்களிலும் படிந்துள்ளது. 2001-இல் இங்கிலாந்தின் பி.பி.சி. நிறுவனம் ஒரு முயற்சி செய்தது. முதல் நூற்றாண்டில் அந்நாட்டில் வாழ்ந்த ஒருவரின் மண்டையோட்டைக் கொண்டு, அக்காலத்து மனிதர் எவ்வாறு இருந்திருக்கக்கூடும் என வடித்தெடுத்தது. அகன்ற முகம், குறுகிய சுருள்முடி, மாநிறம். அது அவர்களின் முகமன்று. ஆயினும் வெளுத்த நாட்காட்டி முகத்தைவிட அம்மண்ணுக்கு அது நெருங்கியது.

தமிழ் மண்ணில்

இனி நம் நாட்டுக்கு வருவோம். சென்னை பரங்கிமலையில், 1547-இல் போர்த்துகீசியர் கோயில் கட்ட அடித்தளம் தோண்டியபோது ஒரு கற்சிலுவை கிடைத்தது. அதைச் சுற்றிப் பாரசீகத்தின் பழைய பஹ்லவி எழுத்தில் ஒரு வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது. அச்சிலுவையில் மனித உருவம் இல்லை. தமிழகம் கண்ட கிறித்தவச் சின்னங்களுள் பழமையான அது முகமற்றது என்பது சிந்திக்கத்தக்கது.

முகத்தைத் தந்தவர்கள் பின்னர் வந்தார்கள். கல்லில் அன்று, சொல்லில் தந்தார்கள். 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியரான ராபர்ட் தெ நொபிலி, காவியுடுத்து, புலால் நீக்கி, தத்துவ போதகர் எனப் பெயர் பூண்டு தமிழில் எழுதினார். அவர் எழுத்தில் இயேசு ஞானம் உபதேசிக்கும் சற்குருவாகத் தோன்றினார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, உயர்ந்தோர் நடையை நாடாமல் மக்கள் பேச்சை நாடினார். 1715-இல் புதிய ஏற்பாடு முழுமையும் தமிழில் அச்சேறியது. குருபீடத்தில் இருந்தவர் அச்சு ஏட்டில் இறங்கி வந்தார்.

வீரமாமுனிவரின் தேம்பாவணி 1726-இல் நிறைவுற்றது. மூன்று காண்டமும் 36 படலமும் 3,615 பாடல்களும் கொண்ட அக்காப்பியத்தின் தலைவர் இயேசு அல்லர். அவரை வளர்த்த சூசையே தலைவர். நாடும் நகரமும் பாடித் தொடங்கும் தமிழ்க் காப்பிய மரபில், தச்சர் ஒருவரைக் காப்பியத் தலைவராக்கினார் அவர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) தம் பெத்தலகேம் குறவஞ்சியில் இன்னும் ஒரு படி சென்றார். குறத்தி குறி சொல்ல, தலைவி காதலால் உருக, மணவாளனாக வருகிறார் இயேசு. குற்றாலத்து ஈசனுக்கு வாய்த்த நாடக வடிவம் அவருக்கும் வாய்த்தது.

நெல்லைச் சீமையில் வைணவ மரபில் பிறந்து கம்பனில் தோய்ந்த எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 1858-இல் கிறித்தவரானார். ஜான் பனியனின் ஆங்கில நூலைத் தழுவி 1894-இல் அவர் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகத்தில், திருமால் மீதிருந்த பக்தியின் நெகிழ்ச்சி முழுவதும் இயேசுவின் பாடுகளை நோக்கித் திரும்பியிருக்கிறது. கடவுள் மறுப்பில் தொடங்கி 'அர்த்தமுள்ள இந்துமதம்' வரை பயணித்த கவிஞர் கண்ணதாசனின் 'இயேசு காவியம்' அவர் மறைந்த மறு ஆண்டில், 1982-இல் வெளிவந்தது. எளிய ஓசையில், திரைப்பாடல் கேட்டுப் பழகிய செவிகளுக்கும் எட்டும் வண்ணம் அமைந்த இயேசு அதில் வருகிறார்.

சற்குரு, தச்சர் வீட்டுக் குழந்தை, மணவாளர், பக்தி நாயகர், மக்கள் தலைவர். தமிழ் ஒவ்வொரு காலத்திலும் தன்னிடமிருந்த மிகச் சிறந்த ஆடையை எடுத்து அவருக்கு உடுத்தியது என்பதே இவ்வரலாற்றின் பொருள். வங்கத்தில் யாமினி ராய் (1887–1972), தாம் கிறித்தவரல்லாதிருந்தும், கிராமத்துப் பட ஓவிய மரபின் அகன்ற விழிகளை அவருக்குத் தந்தார். கோவாவில் பிறந்த எஃப்.என். சூசா 1959-இல் தீட்டிய சிலுவைக் காட்சியிலோ கனிவு துளியும் இல்லை. கருத்த, முட்கள் சிதறிய, கோபம் கொண்ட உருவம் அது. இருவரும் ஒரே நாட்டவர்; ஒரே நூற்றாண்டினர்.

நம் மரபின் ஈஸா

நாம் படம் வரைவதில்லை. எனவே நம்மிடம் இந்த மாற்றங்கள் இல்லை என்று எவரேனும் கருதினால் அது பிழை. தூரிகையால் வரையாதவர்களும் சொல்லால் வரைகிறார்கள். அன்றியும் பாரசீக, முகலாய ஓவியக் கூடங்களில் தூரிகையும் ஓய்ந்திருக்கவில்லை. அல்பீரூனியின் 'அல்ஆஸாருல் பாகியா'வுக்கு ஹிஜ்ரி 707-இல் எழுதப்பட்ட படியில் ஈஸா நபி நீராட்டுப் பெறும் காட்சி தீட்டப்பட்டுள்ளது. 1580-இல் அக்பரின் அழைப்பை ஏற்று கோவாவிலிருந்து ஃபத்தேபூர் சிக்ரிக்குச் சென்ற இயேசு சபைத் துறவிகள், ஐரோப்பியச் செதுக்குப் படங்களையும் பன்மொழி விவிலியத்தையும் கொண்டு சென்றனர். அரண்மனை ஓவியர்கள் அவற்றைப் பார்த்துத் தம் பாணியில் வரைந்தனர். 1602-இல் பாதிரியார் ஜெரோம் சேவியர், அப்துஸ் ஸத்தார் இப்னு காஸிம் லாஹூரியின் துணையுடன் 'மிர்ஆத்துல் குத்ஸ்' என்னும் இயேசு வரலாற்றைப் பாரசீகத்தில் எழுதி அக்பருக்கு அளித்தார்.

அதே சிக்ரியின் புலந்த் தர்வாஸா வாயிலில் ஈஸா நபியின் பெயரால் ஒரு வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. உலகம் கடந்து செல்ல வேண்டிய பாலமே அன்றி வீடு கட்டத்தக்க இடமன்று என்பது அதன் கருத்து. நான்கு நற்செய்திகளிலும் இவ்வாசகம் இல்லை. இது நம் ஸுஹ்து மரபில், அதாவது துறவுள்ள இலக்கியத்தில், பல நூற்றாண்டுகள் வாழ்ந்த வாசகம். அரசியலும் செல்வமும் பெருகிய உமையா, அப்பாஸியக் காலங்களில், கூஃபாவிலும் பஸராவிலும் இருந்த துறவுள்ளம் கொண்டவர்கள் அரண்மனையை எச்சரிக்க விரும்பினர். கம்பளி உடுத்தி, கல்லைத் தலையணையாக்கி, நாளைக்கென எதுவும் சேர்க்காத ஈஸா அவர்களுக்குத் துணை நின்றார். இமாம் அஹ்மதின் ஸுஹ்து நூலிலும் இமாம் கஸ்ஸாலியின் இஹ்யாவிலும் இத்தகைய மொழிகள் நிறைந்துள்ளன. ஸ்பானிய அறிஞர் அசின் பலாசியோஸ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவற்றைத் திரட்டினார். 2001-இல் தரீஃப் காலிதி என்னும் பலஸ்தீன அறிஞர் 303 மொழிகளையும் கதைகளையும் ஆங்கிலத்தில் தொகுத்து, அவை எந்தக் காலத்துத் தேவையில் பிறந்தன என ஆராய்ந்தார். இவை எல்லாம் ஈஸா நபியின் வாய்மொழிகளே என்று வரலாற்று முறையில் நிறுவ இயலாது. எனினும் முஸ்லிம் உள்ளம் அவர்களை எவ்வாறு நேசித்தது என்பதற்கு இவற்றை விடச் சிறந்த சான்று இல்லை.

ஆராய்ச்சியாளர் கண்ட முகம்

ஓவியரும் கவிஞரும் கற்பனை செய்வர். அறிஞர் உண்மையை மட்டுமே காண்பர் என்ற எண்ணம் பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வலுப்பெற்றது. ஹாம்பர்க் நகரில் கீழை மொழிகள் கற்பித்த ரைமாருஸ், வரலாற்று இயேசு வேறு, திருச்சபை போதிக்கும் கிறிஸ்து வேறு என்று எழுதி வைத்து, அச்சிட அஞ்சி மறைந்தார். 1774 முதல் லெஸ்ஸிங் அதன் பகுதிகளை ஆசிரியர் பெயரின்றி வெளியிட்டார். 1835-இல் டேவிட் ஃபிரெடரிக் ஸ்ட்ராவுஸ், நற்செய்தி நிகழ்ச்சிகள் பலவற்றைத் தொன்மக் கதைகளாக விளக்கித் தம் பதவியை இழந்தார். 1862-இல் பாரிசில் ஹீப்ரு மொழிப் பேராசிரியர் எர்னெஸ்ட் ரெனான், தம் தொடக்க உரையில் இயேசுவை ஒப்பற்ற மனிதர் என்றமைக்காக விரிவுரை ஆற்றுவதினின்றும் நிறுத்தப்பட்டார். மறு ஆண்டு அவர் வெளியிட்ட இயேசு வரலாறு ஐரோப்பாவெங்கும் விற்றது.

1906-இல் ஆல்பர்ட் ஷ்வைட்சர் இம்முயற்சிகளையெல்லாம் வரிசைப்படுத்திப் பார்த்தார். ஒவ்வோர் அறிஞரும் தம் காலத்து மனிதரையே இயேசுவாகக் கண்டிருக்கிறார் என்பது அவர் முடிவு. அந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே டிர்ரெல் என்னும் கத்தோலிக்க அறிஞரும், ஆழ்ந்த கிணற்றுள் எட்டிப் பார்த்தவர் தம் முகத்தையே கண்டார் என்னும் பொருள்பட எழுதினார்.

அந்தப் பிழை எத்துணைக் கொடியதாக முடியும் என்பதற்கு 1939 சான்று. நாஜி ஜெர்மனியில் ஐசனாக் நகரில், கிறித்தவத்திலிருந்து யூதச் செல்வாக்கைத் துடைத்தெறிவதற்கென்றே பேராசிரியர்கள் ஒரு நிறுவனம் அமைத்தனர். மர்யமின் மைந்தரை யூதரல்லாதவராக்கிக் காட்ட ஆராய்ச்சி நடந்தது. அதே ஆண்டுகளில் அவர்தம் இனத்து மக்கள் இலட்சக்கணக்கில் கொல்லப்பட்டனர். பொய்யான முகம் தீட்டுவது வெறும் அறிவுப் பிழையன்று. அதற்கு உயிர்ப்பலியும் துணைபோகும்.

போருக்குப் பின் ஆராய்ச்சி திசை திரும்பியது. 1947 முதல் சாக்கடல் குகைகளில் கிடைத்த சுருள்கள், அக்கால யூத சமயத்தின் பன்முகத்தைக் காட்டின. 1973-இல் கேசா வெர்மேஷும் 1985-இல் இ.பி. சாண்டர்ஸும் வெளியிட்ட நூல்கள், இயேசுவைக் கலிலேயாவின் யூதராக, தவ்ராத்தின் உலகத்துக்குள் நின்று பேசியவராகக் காட்டின. பனூ இஸ்ராயீலுக்கு அனுப்பப்பட்ட தூதர், தமக்கு முன்னிருந்த தவ்ராத்தை மெய்ப்பித்தவர் என்று திருமறை கூறும் கோணத்துக்கு இது மாறுபடாதது என்பதைக் குறித்துக்கொள்ளலாம். சிலுவை நிகழ்ச்சியைப் பொறுத்தவரை, பிலாத்துவின் காலத்தில் அது நடந்தது என்பதில் பெரும்பாலான வரலாற்றறிஞர் ஒருமித்துள்ளனர். திருமறையோ அவர்கள் கொல்லப்படவும் இல்லை, சிலுவையில் அறையப்படவும் இல்லை என்கிறது. இவ்வேறுபாட்டை நாம் மறைப்பதில்லை. நம் ஊர்ப் பட்டில் உடலும் கரையும் வெவ்வேறு நிறமாயினும் கோர்வை முறையில் ஒரே சேலையாகின்றன. ஒன்றின் சாயம் மற்றொன்றில் இறங்க வேண்டியதில்லை.

வாதமும் வாழ்வும்

இந்திய மண்ணில் இவ்வாராய்ச்சி வாதமாகவே முதலில் இறங்கியது. அரபும் பாரசீகமும் கற்ற ராஜா ராம்மோகன் ராய், 1820-இல் இயேசுவின் அறபோதனைகளை மட்டும் பிரித்தெடுத்து வெளியிட்டார். அற்புதங்களையும் கோட்பாடுகளையும் விட்டமைக்காகச் செராம்பூர் மிஷனரி மார்ஷ்மன் அவரைக் கடிந்தார். 1854 ஏப்ரலில் ஆக்ராவில் மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி, பாதிரியார் ஃபாண்டருடன் நடத்திய விவாதம் புகழ்பெற்றது. ஐரோப்பியரே எழுதிய விவிலியத் திறனாய்வுகளை டாக்டர் வஸீர் கானின் துணையுடன் அவர் சான்றாக்கினார். பின்னர் அவர் அரபியில் எழுதிய 'இள்ஹாருல் ஹக்' உலகெங்கும் பரவியது. ஆளும் வல்லரசின் துணையோடு வந்த பிரசாரத்தை எதிர்கொள்ள அது அன்று வேண்டியிருந்தது. அதில் ஐயமில்லை.

ஆனால் வேறொரு வழியும் இருந்தது. சர் சையித் அகமது கான் 1862-இல், முஸ்லிம் ஒருவர் விவிலியத்துக்கு எழுதும் உரையாகத் தம் 'தப்யீனுல் கலா'மைத் தொடங்கினார். எகிப்தில் அப்பாஸ் மஹ்மூத் அல்அக்காத் 1953-இல் 'அப்கரிய்யத்துல் மஸீ'ஹை எழுதினார். மறு ஆண்டில் மருத்துவரான காமில் ஹுஸைன், 'கர்யத்துன் ழாலிமா' என்னும் புதினத்தில், ஈஸா நபியைக் கொல்ல முடிவு செய்த அந்த வெள்ளிக்கிழமையில் மனிதர்களின் மனச்சான்று எவ்வாறு இறந்தது என்று ஆராய்ந்தார். சிலுவையில் நிகழ்ந்தது யாது என்ற வாதத்துக்குள் அவர் புகவில்லை. கொல்லத் துணிந்தவர்கள் யார், அவர்களுள் நாமும் இருக்கிறோமா என்பதே அவர் கேள்வி.

ஆக்ராவின் வழியை நாம் கற்றோம். மற்ற வழியை மறந்தோம். வாதத்துக்கென வடித்த விடையை வாழ்வுக்கான விடையாகவும் தந்துவிட்டோம். பிறர் அவர்களுக்கு மிகையான ஆடைகள் அணிவித்தனர் என்று குறை கூறிய நாம், ஆடையே இல்லாத ஒரு மறுப்பை மட்டும் மாணவர் கையில் கொடுத்தோம். அதுவும் நாம் தீட்டிய ஒரு முகமே. நம் அச்சத்தின் முகம்.

மறுநாள் அம்மாணவரை அழைத்து அருகில் அமர்த்தினோம். முதலில் புகாரியிலிருந்து சொன்னோம்: ஈஸா நபி ஒருவர் திருடுவதைக் கண்டார்கள். திருடினாயா என்று கேட்டபோது அவர் இறைவன் மீது ஆணையிட்டு மறுத்தார். இறைவன் பெயரைச் சொல்லிவிட்ட பின்னர், தம் கண்ணையே பொய்யாக்கிக்கொண்டு அவரை நம்பினார்கள். அடுத்து இமாம் மாலிக்கின் முவத்தாவிலிருந்து சொன்னோம்: வழியில் எதிர்ப்பட்ட பன்றியை நோக்கி, சமாதானத்தோடு போய்வா என்றார்கள். பன்றியிடமா இப்படிப் பேசுவது என்று கேட்டவர்களுக்கு, தம் நாவைத் தீச்சொல்லுக்குப் பழக்க விரும்பவில்லை என்றார்கள். இறுதியாக இஹ்யாவிலிருந்து: செத்து நாறிய நாயின் அருகே சீடர்கள் மூக்கைப் பொத்தினர், ஈஸா நபியோ அதன் பற்களின் வெண்மையைக் கண்டு வியந்தார்கள்.

மூன்று 'அல்லர்'களுக்கு ஈடாக மூன்று கதைகள். புகாரிக் கதையை எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறோம். அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்திருக்கிறோம். அந்தக் கண்ணைப் பற்றி ஒரு நாளும் நின்று பேசியதில்லை.

மாணவர் நெடுநேரம் மௌனமாயிருந்தார். பின், "ஹஜ்ரத், இந்த நாய்க் கதையை அந்தத் தறி வீட்டு அண்ணனிடம் சொல்லலாமா? அவர்களுக்கு இது தெரிந்திருக்குமா?" என்று கேட்டார்.

அவர்களுடைய ஏடுகளில் இது இல்லை என்றும், சொன்னால் மகிழ்வார்கள் என்றும் விடையளித்தோம். அன்று மாலையே அவர் சொல்லிவிட்டு வந்தார். தறியை நிறுத்திக் கேட்டாராம் அந்த நெசவாளர்.